பலாமரக் கதவுக்கு ஒரு ரவுட்டர்

நேற்று பட்டறைப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அது நாற்றம். வெல்லப்பாகு அடிப்பிடித்ததும் ரப்பர் பொசுங்கியதும் கலந்தது போல இருக்கும். மோட்டார் காயில் கருகினால்தான் அப்படி வரும். ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மருமகள் செல்வி, மரம் குடைகிற ரவுட்டர் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு செத்த கோழியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தில் பெயர்ப்பலகை செய்து விற்கிறவள் அவள். அந்த மிஷின்தான் அவளுக்குச் சோறு.

"போச்சு அத்த. பொக வந்துடுச்சு."

சாயங்காலம் புது மிஷின் பார்க்கப் போனை எடுத்து உட்கார்ந்தாள். "இது வாட்ஸ் ஜாஸ்தி, வெலயும் ஜாஸ்தி. இது வெல கம்மி, ஆனா வாங்குனவன் ஒருத்தன் ஒரே மாசத்துல போச்சுன்னு அழுவறான். கையில இருக்கற காசுக்கு எத வாங்கறது அத்த?"

"எல்லாம் இருக்கட்டும், வாய் இன்னா சைசு?" என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு படி பாயசம் குடித்த மாதிரி இருந்தது எனக்கு.

கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிக்கு ரவுட்டர் வாய் எப்படித் தெரியும் என்று நீங்களும் கேட்பீர்கள். சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் செல்விதான். எழுத்தில் தப்பிருந்தால் அவளைக் கேளுங்கள், நடந்ததில் தப்பிருந்தால் என்னைக் கேளுங்கள்.

அப்போது எங்கள் பட்டறை கள்ளக்குறிச்சியில் ஒரு தகரக் கொட்டகை. வெயிலில் எண்ணெயில் போடாமலே அப்பளம் பொரியும். எங்கள் வீட்டுக்காரர் மெட்ராசில் மரச்சாமான் செய்யும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, ஒரு பழைய ரவுட்டரும் பிஸ்கட் டின் நிறையப் பிட்டுகளும் கொண்டுவந்திருந்தார். பிட்டு என்றால் மரத்தைக் குடையும் அலகு. அதன் காம்பு மிஷின் வாய்க்குள் கச்சிதமாகப் போய் உட்கார வேண்டும். உளியில் நாலு நாள் எடுக்கும் பூ வேலையை அந்த மிஷின் அரை நாளில் முடித்துவிடும். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே கொஞ்சம் நொடித்துப்போனோம்.

பிறகு அவருக்கு மஞ்சக்காமாலை வந்தது. கீழாநெல்லியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கிடந்தார், ஒப்புக்கொண்ட கதவு நின்றுபோனது. ஒருநாள் நானே மிஷினைப் பிடித்தேன். அது இளங்கன்று மாதிரி. அது இழுக்கிற பக்கம் விட்டால் நம்மைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும், எதிர்த்துப் பிடித்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். என் பேச்சைக் கேட்டது. அவர் எழுந்து வந்து தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த பலகையில் பென்சிலால் கொடி வரைந்து என் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து வரைவது அவர், குடைவது நான்.

வெளியே மட்டும் மூச்சு விடவில்லை. தலைவாசல் கதவில் பெண்பிள்ளை கைவைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று நினைக்கிறவர்கள் நிறைய. யாராவது வந்தால் நான் மிஷினை அணைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொள்வேன். என்னைப்போல் சுத்தமாகப் பட்டறை பெருக்குகிறவள் ஊரிலேயே இல்லை என்று பேர் வாங்கினேன்.

மூன்றாவது வருஷம் தியாகதுருகத்துக் கரும்பு விவசாயி ஒருவர் கதவு செய்ய மரம் கொடுத்தார். கல்வராயன் மலையில் அவருக்குத் தெரிந்த தோட்டத்தில் விழுந்த கிழட்டுப் பலா. அறுத்தால் மஞ்சள் அரைத்த மாதிரி நிறம், மூன்று நாளைக்குக் கொட்டகையே பழவாசனை அடித்தது. ஐப்பசியில் அவர் புது வீடு குடிபோவதாக இருந்தது. கதவில் சுற்றிலும் கொடி, நடுவில் இரண்டு கிளி. ஒரு கிளி முடிந்தது. இரண்டாவது கிளியின் கழுத்தில் மிஷின் புகைந்தது. காயில் கட்டுகிறவர் திறந்து பார்த்து, "ரெண்டு தபா கட்டிக் குடுத்துட்டேன். இதுக்கு மேல கட்டுனா எனக்குத்தான் பாவம்," என்று திருப்பிக் கொடுத்தார்.

மரம் விவசாயியுடையது, முன்பணம் வாங்கி அரிசியாகவும் மருந்தாகவும் தின்றாகிவிட்டது. கதவு முடியாவிட்டால் பட்டறையைச் சாத்த வேண்டியதுதான். வீட்டிலிருந்த ஆட்டை விற்றோம், என் கம்மலை விற்றோம். சேலம் போய்ப் பழைய மிஷின் ஏதாவது பார்ப்பது என்று முடிவானது.

போகிற நேரமா அது? படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம். ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். ஒருநாள் பஸ் ஓடும், மறுநாள் ஓடாது. கேட்டவர்களுக்கு அவர்கள் நியாயம் இருந்தது. எங்கள் தெருவிலிருந்தே போராட்டத்துக்குப் போய் அடிபட்டு வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இரண்டு நாள் அடங்கியிருந்தபோது நாங்கள் கிளம்பினோம்.

கிளம்பும்போது அவர் இரண்டு கைரம்பத்தைச் சாக்கில் சுற்றினார்.

"இது இன்னாத்துக்கு?"

"சேலத்துல நல்லா பல்லு வெப்பான். போறதுதான் போறோம், ரெண்டு வேலையா முடிச்சுக்கினு வந்துடலாம்."

"ஊரு கெடக்கற கெடயில ரம்பத்தத் தூக்கிக்கினு போறீங்களே!"

"வாய மூடிக்கினு வா." சிக்கனக்காரர். பஸ் டிக்கெட்டில் ஒரு பக்கம் வீணாகப் போகக்கூடாது அவருக்கு.

சேலத்துக் கடையில் கரண்டு இல்லை. எங்கோ கம்பி அறுந்திருந்தது. கண்ணாடிக்குள் வெளிநாட்டு மிஷின் ஒன்று கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. விலையைக் கேட்டதும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்தது நம்மூரில் செய்த புதுசு, விலை கட்டும். நான் முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்த பிட்டை அவிழ்த்து வைத்துப் பார்த்தேன். எங்கள் பிட்டுக் காம்பு அரை அங்குலம், அதன் வாய் கால் அங்குலம். அதை வாங்கினால் ஒரு டின் பிட்டும் பழைய இரும்புதான். மூன்றாவது, மூலையில் தூசி படிந்த கனத்த பழசு. வாய் சரியாகக் கவ்வியது.

"ஓட்டிப் பாக்க கரண்டு இல்லீங்களே," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"வேணும்னா எடு, இல்லாட்டி வுடு. எடுத்தா திருப்பி வாங்க மாட்டேன்," என்றார் கடைக்காரர்.

மிஷின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், கரகரப்பு இல்லை. பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. காற்றுப் போகிற ஓட்டையில் மூக்கை வைத்து உறிஞ்சினேன், தூசிதான், கருகல் இல்லை.

"என்னம்மா, சந்தைல மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கற? மாப்பிள்ளைய இப்படிப் பாத்தியா?"

"அவர ஓட்டியும் பாக்கல, மோந்தும் பாக்கல. அதான் இதயாவது பாக்கறேன்," என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டு ஸ்பேனரைச் சும்மா கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஓடுமா ஓடாதா என்று தெரியாத ஒன்றை, ஆட்டையும் கம்மலையும் கொடுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

தலைவாசல் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் பஸ் நின்றது. எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம், அறுத்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. இடது கைப்பக்கம் மலையில் மழை மூட்டம். ஓரத்தில் ஒரு அரிசி மில், அதன் நெல் காயவைக்கும் களத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார்கள். சுற்றிலும் போலீஸ். எல்லாரையும் இறக்கிப் பையைச் சோதித்தார்கள். சாக்கை உதறியதும் அன்றுதான் பல் தீட்டிய ரம்பம் இரண்டும் வெயிலில் பளபளவென்று வந்து விழுந்தன.

"சார், ரம்பம்!"

எங்கள் வீட்டுக்காரருக்குக் காது மடலில்கூட எப்போதும் மரத்தூள் இருக்கும். அதிகாரி அதைச் சுண்டிப் பார்த்தார். "எத்தினி மரம்டா அறுத்த?"

"அய்யா, நான் கதவு செய்யறவன்."

"இன்னிக்கு எல்லாவனும் கதவு செய்யறவன்தான். ஒக்காருடா."

குந்தவைத்தார்கள். வேன் வந்தால் ஜெயிலுக்கு என்று பஸ்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா தெரியாது. நான் மிஷினைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு அதிகாரி போகிற பக்கமெல்லாம் போனேன். கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது.

"அது இன்னா, மரம் அறுக்கற மிஷினா?"

"அறுக்கறது இல்லீங்க. மரத்துல பூ போடறது."

"பூவா? எங்க, உன் புருசன ஒரு பூ போட்டுக் காட்டச் சொல்லு. போட்டான்னா வுட்டுடறேன்."

கையிலிருந்ததோ ஓட்டிப் பார்க்காத மிஷின். மில்லில் கரண்டு இருந்தது. மூட்டை அடுக்குகிற பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் பிட்டை முடுக்கி, சுவிட்சைத் தட்டினார். சத்தமே இல்லை. இன்னொரு தரம் தட்டினார். இல்லை.

"கதவு நல்லா செய்யறடா," என்றார் அதிகாரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய மிஷினில் கரண்டு கடத்துகிற கார்பன் கட்டை தேய்ந்தோ சிக்கியோ நின்றால் இப்படித்தான் ஊமையாக இருக்கும். ஸ்பேனரை வாங்கிப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். உர்ரென்று உயிர் வந்தது பாருங்கள்! இத்தனை வருஷத்தில் எந்தக் குழந்தை அழுத சத்தமும் எனக்கு அவ்வளவு இனிக்கவில்லை.

ஆனால் அவர் கை நடுங்கியது. தலையில் வைத்து வைத்து மரத்துப்போன கை. மிஷின் பலகையைக் கிழித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. இன்னொரு தரம் வைத்தார், அதுவும் ஓடியது. குந்தியிருந்தவர்கள்கூட "ஐயோ" என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். சுற்றிலும் ஒரு பஸ் நிறைய எங்கள் ஊர் ஜனம். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

நான் பிடித்தேன். கோடு இல்லாமலே கொடி போட்டேன், கொடியில் ஒரு இலை, இலைமேல் ஒரு கிளி. மிஷினை நிறுத்தினேன். பஸ்ஸிலிருந்த ஒரு அம்மா, "அடியம்மா, நெல்லு வெச்சா கொத்தும்போல கீதே!" என்றார்.

அதிகாரி பலகையைத் தடவினார். "ஏன்யா, அப்ப வேலை பாக்கறது இவளா?"

எங்கள் வீட்டுக்காரர் குனிந்து மிஷின் வயரைச் சுருட்டினார்.

"ரம்பம் இங்கயே இருக்கட்டும். கூட்டிக்கினு போம்மா."

போகும்போது குந்தியிருந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "அக்கா, அப்பிடியே எங்களுக்கும் ஆளுக்கொரு பூ போட்டு வுட்டுட்டுப் போயேன்." எல்லாரும் சிரித்தார்கள், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூட. அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் அன்று வீடு போய்ச் சேர்ந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விழுந்த மரத்தைத் தாண்டி நடந்தோம். நாலைந்து மைல் தள்ளி ஊருக்கு ஒரு லாரி கிடைத்தது. செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் தியாகதுருகத்துக்காரர் வந்து வாசலில் நின்றார்.

"நெசமாய்யா? என் கதவுல கை வெச்சது யாரு?"

பயத்தில் தன் கை நடுங்கியது, அன்றைக்கு மட்டும் அவள் பிடித்தாள் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஊரும் நம்பியிருக்கும். நான் விளக்குமாற்றைக்கூட எடுத்துவிட்டேன்.

"அவதாங்க," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "இது மட்டும் இல்ல, மூணு வருசமா பூ வேலை பூரா அவதான். வேணாம்னா மரத்த எடுத்துக்கினு போங்க. முன்பணத்த எப்பிடியாவது அடைக்கறேன்."

பெரியவர் உள்ளே வந்தார். முடிந்த கிளியின்மேல் கட்டைவிரலை வைத்து, மூக்கிலிருந்து வால்வரை மெதுவாக இழுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னொரு கிளிக்குக் கழுத்துக்குக் கீழ எப்பம்மா முடியும்?"

குடிபோன அன்று வழக்கப்படி வேட்டியும் துண்டும் எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் வைத்துக் கொடுத்தார்கள். அவர் எல்லார் எதிரிலும் வேட்டியை வைத்துக்கொண்டு துண்டை என் கையில் கொடுத்தார். "தூசி தட்ட வெச்சிக்க," என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பாராட்டு.

அந்தப் புளியமரங்களில் மிச்சமிருந்ததை நாலு வழி ரோடு வந்தபோது எடுத்துவிட்டார்கள். மில் இருந்த இடம் எதுவென்று பஸ்ஸில் போகும்போது தேடுகிறேன், பிடிபடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். தியாகதுருகத்து வீட்டையும் பேரப்பிள்ளைகள் இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். கதவை எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு, போன வருஷம் சேலம் ரோட்டில் இருக்கும் பழைய மரக்கடைக்குப் போய், கிளி போட்ட பலாமரக் கதவு வந்ததா என்று கேட்டேன்.

"அது மாதிரி நூறு கதவு வருது போவுது ஆயா," என்றான் கடைக்காரப் பையன். "எந்த ஆசாரி செஞ்சது? பேரச் சொல்லு, யாருக்காவது தெரியுதான்னு கேக்கறேன்."

"நான் செஞ்சதுப்பா."

கையிலிருந்த போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அப்புறம் இன்னொரு ஆளைக் கூப்பிட்டு, சாய்த்து வைத்திருந்த கதவுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினான். மத்தியானம்வரை நகர்த்தினார்கள். தாமரை இருந்தது, யானை இருந்தது, பலாமரக் கதவுகூட ஒன்று இருந்தது. கிளி இல்லை.

"போன மாசம் பாண்டிச்சேரிக்கு ஒரு லோடு ஏத்துனோம் ஆயா," என்றான். "அதுல போயிருக்கும்."