மாலையை இழுத்த வைப்பர்

அன்று திருப்பதியில் ஒரு கார் பட்டறையில் இருந்தது நான், என் மச்சான், மெக்கானிக், மூன்று பேர்தான். புதுக் கார்களைப் போல வைப்பர் பானட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பது மச்சானின் ஆசை. காரோ என் பழைய வாடகைக் கார்.

மெக்கானிக்குக்கு மொட்டைத் தலை, அதில் சந்தனம். ஒவ்வொரு திருகையும் முடுக்கிவிட்டு, காரின்மேல் காதை வைத்துக் கேட்பார்.

வேலை முடிந்ததும் பூஜை போட்டு, வழக்கம்போல் பானட்டின்மேல் மாலை வைத்தோம். வைப்பர் இப்போது அதனடியில் இருப்பது எங்களுக்குத் தோன்றவேயில்லை. மச்சான் சுவிட்சைப் போட்டான். வைப்பர் மாலையை வாரிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கியது. மோட்டார் உறுமியது. மச்சான் பதற்றத்தில் சுவிட்சை அணைக்காமல் விழித்தான். மெக்கானிக் சட்டென்று கையை உள்ளே விட்டார்.

நான் அலறிவிட்டேன். வெளியே வந்த கையில் சாமந்தியும் ரத்தமும்.

"விரலு போயிருந்தா இன்னாண்ணா பண்ணுவ?" என்றேன்.

"விரலு பத்து கீது நைனா. மோட்டாரு ஒண்ணுதான்."

ஆஸ்பத்திரிக்காவது ஆகட்டுமென்று கூலியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மழையில வைப்பரு தொடைக்கட்டும். அப்பறம் குடு."

என்ன மனிதரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மழையும் இன்னும் வரவில்லை. அவருக்குத் தரவேண்டியது இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.