இரட்டை வாய் டெக்

கோட்ஹோல்ட் நேகலே ஒரு டெக் வாங்க இரண்டரை வருடம் எடுத்துக்கொண்டார். அதற்குள் ஊரில் நெக்கார் ஆற்றின் மேல் ஒரு பாலத்தைக் கட்டித் திறந்து, பெயரும் வைத்துவிட்டார்கள்.

எடை அளவை ஆய்வாளராக முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கறிக்கடைத் தராசு ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்த்துப் பார்த்து, கடைசியில் மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார். பொருள்களைச் சோதித்து மதிப்பெண் போடும் மாதப் பத்திரிகை ஒன்று அவருக்கு வேதம். ஒரு வாயில் கேசட்டும் மறு வாயில் டிவிடியும் போட்டு, இதிலிருந்து அதற்குப் பிரதி எடுக்கும் டெக் வந்திருக்கிறது என்று அதில்தான் படித்தார். படித்த அன்றே அடிக்கோடு போட்டார். அதோடு சரி, அடுத்த இதழில் இன்னும் நல்லதாக ஒன்று வரும் என்று காத்திருந்தார். அதற்கடுத்த இதழிலும் அப்படித்தான்.

சினிமா பார்க்கிற ஆசையில் அவர் தவிக்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். அதன் முதுகில் அச்சடித்த மாதிரி எழுத்தில் 'சாட்சியம்' என்று எழுதியிருந்தார்.

அவர் குடியிருந்த கட்டடத்தில் நாலு குடித்தனம், நாலும் சொந்த வீடு. வாசற்படியையும் நடைபாதையையும் வாரம் ஒரு குடித்தனம் பெருக்க வேண்டும், பனி பெய்தால் தள்ள வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் 'பெருக்கும் வாரம்' என்று எழுதிய மரப்பலகை தொங்கும். அந்தப் பக்கத்தில் கடவுளை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, பலகையை மறந்தால் கிடையாது. பெருக்கும் நாள் சனிக்கிழமை. சட்டத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை, ஆனால் நேகலேயின் மண்டைக்குள் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

அவருக்கு மேல் மாடியில் குடியிருந்த ஃபோட்டினி கால்ட்சா வெள்ளிக்கிழமை பெருக்கினாள். கிரேக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆஸ்பத்திரித் தரை துடைத்து, அந்தக் காசில் மாடி வீட்டை வாங்கியவள். வெள்ளி ராத்திரி அவளுக்கு வேலை முறை, சனி காலை வந்து படுத்தால் மதியம்தான் எழுவாள். ஊர்த் தரையெல்லாம் துடைத்துப் பிழைக்கிறவள் மேல், படி பெருக்கவில்லை என்று புகார் எழுதினார் நேகலே. எழுத்தை யாரும் மதிக்கவில்லை. எனவே ஜெரேனியம் பூந்தொட்டிகளுக்கு நடுவே, சமையலறை ஜன்னலில், தன் பழைய வீடியோ கேமராவை வைத்தார். அவள் முறை வரும் சனிக்கிழமை தோறும் காலை ஏழுக்குப் பொத்தானை அமுக்குவார். மின்கலம் ஐந்து நிமிடம்தான் தாங்கும், பிறகு அதுவே கண்ணை மூடிக்கொள்ளும்.

தன் வாரங்களையும் அவர் விடவில்லை. "தராசைச் சோதிக்கணும்னா சரியான எடைக்கல் ஒண்ணு வேணும். நான்தான் அந்தக் கல்லு" என்றார் மனைவி இர்ம்கார்டிடம்.

"கல்லுங்கிறது எனக்குக் கல்யாணம் ஆன மறுநாளே தெரியும்" என்றாள் இர்ம்கார்ட்.

"சிரிக்காதே. நான் ஒருதரம் பெருக்குனா நாலு வாரத்துக்குத் தாங்கும். போன வருஷம் நீ இடுப்பு உடைஞ்சு மூணு மாசம் படுத்திருந்தியே, நான் ஆஸ்பத்திரிக்கே அலைஞ்சேன். அப்பக்கூட நம்ம முறைல படி பளபளன்னு இருந்துச்சு. எப்படி? அதுக்கு முன்னாடி நான் பெருக்குன பெருக்கு அப்படி!"

வீடுகளை நிர்வகிக்கும் அலுவலகத்துப் பெண் மட்டும் ஒரு வழி சொன்னாள். "எங்ககிட்ட கேசட் போட வசதியில்ல சார். டிஸ்க்ல குடுங்க, உரிமையாளர் கூட்டத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்." அதை நம்பித்தான் இரண்டரை வருடப் படிப்பு. அதற்குள் இரண்டு ஆண்டுக் கூட்டங்கள் கடந்து போய்விட்டன. மூன்றாவது கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. கூட்ட நிரலில் ஐந்தாவது பொருள்: 'படிகள்'. எல்லார் முன்னாலும் ஃபோட்டினியின் சனிக்கிழமைகளை வெறிச்சென்று ஓடவிட்டு, அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்த லட்சியம்.

கடைக்கு மடக்கு அளவுகோலோடு போனார். டெக்கின் நீள அகல உயரத்தை அளந்தார், அட்டைப்பெட்டியில் போட்டிருந்த அளவோடு ஒப்பிட்டார், மூன்று மில்லிமீட்டர் குறைகிறது என்று விற்பனையாளரைக் கூப்பிட்டார்.

"சார், ரப்பர் காலை விட்டுட்டு அளந்துட்டீங்க" என்றான் அவன். "அது போகட்டும், இப்பல்லாம் கேசட்டு யாரு சார் பாக்குறா? வெறும் டிவிடி மட்டும் எடுத்துக்குங்களேன், பாதி விலைதான்."

"தம்பி, கேசட்டுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமா சார்?"

"நடைபாதை."

அவன் பில் போட்டான்.

வீட்டில் கையேட்டின் எண்பத்து நாலு பக்கத்தையும் படித்து முடிக்காமல் பிளக்கைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பிரதி எடுக்குமுன் கேசட்டை ஆரம்பத்துக்குத் திருப்பிச் சுற்ற வேண்டும் என்று இருபத்தேழாம் பக்கம் சொன்னது. நாலு மணி நேர நாடாவைச் சுற்றினால் புது மோட்டார் தேயாதா? ஞாயிற்றுக்கிழமை கேசட்டைப் பழைய டெக்கில் போட்டு அதிலேயே சுற்றினார். சாகப்போகிற குதிரையைக் கடைசி வண்டியையும் இழுக்க வைத்தாயிற்று என்று அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி.

செவ்வாய்க்கிழமை பெருங்குப்பை எடுக்கிற நாள். பழைய கட்டில், நாற்காலி, விளக்கு எல்லாம் முந்தின மாலையே நடைபாதை ஓரத்துக்கு வந்துவிடும், வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. நேகலே திங்கள் மாலை ஆறுக்குப் பழைய டெக்கைத் தூக்கி வந்து நடைபாதை விளிம்புக்கு இணையாக வைத்தார். வயரைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டார். 'இயங்குகிறது' என்று ஓர் அட்டையும் ஒட்டினார்.

மேலே வந்து, கையேட்டை மறுபடி ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, புது டெக்கைச் செருகி, சாட்சியத்தின் பெட்டியைத் திறந்தார். பெட்டி காலி.

அறுபத்தொன்பது வயசில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். நடைபாதையில் கட்டில் இருந்தது, விளக்கு இருந்தது, டெக் இருந்த இடம் மட்டும் சதுரமாகக் காலியாக இருந்தது.

"இர்ம்கார்ட்! டெக்கை யாரு எடுத்தா பாத்தியா?" என்று வீட்டுக்குள் கத்தினார். மேல் மாடியிலிருந்து அவளுடைய சிரிப்பு கேட்டது.

ஃபோட்டினி குடிவந்த நாலு வருடத்தில் அந்த மேல்மாடிப் படியில் அவர் ஏறியது தூசி பார்க்க மட்டுமே. கதவைத் தட்டியதும் ஃபோட்டினி திறந்தாள்.

"வாங்க நேகலே சார். உங்க டெக்கு நல்லா ஓடுது. உள்ள ஒரு கேசட்டு இருந்துச்சு, படமோன்னு போட்டோம்."

"கால்ட்சா அம்மா, அது என் சொந்த... அது கொஞ்சம் அந்தரங்கமான..."

"அந்தரங்கமா? பூரா எங்க வாசல்தானே சார் இருக்கு."

சோபாவில் இர்ம்கார்ட் மடியில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மூன்று மாதமும் அவள் கட்டிலடியைத் துடைத்தது ஃபோட்டினிதான். அப்போது பிடித்த சிநேகம். நேகலே அதைக் கேட்டதுமில்லை, இர்ம்கார்ட் சொன்னதுமில்லை.

"உக்காரு கோட்ஹோல்ட். திரும்பச் சுத்தி வெச்சிருக்கோம், உன் வாரம் வருது."

தொலைக்காட்சியில் ஒரு நவம்பர் சனிக்கிழமை. மூலையில் தேதி. படியெல்லாம் ஈர இலை. கையில் பையோடு நேகலே கதவைத் திறந்து வந்தார், இலை மேலேயே நடந்து ஏழு பத்து பஸ்ஸுக்கு ஓடினார். இந்தப் பகுதிகளை அவர் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. தன்னைத் தானே சோதிக்கிற எடைக்கல் உண்டா என்ன?

இரண்டு நிமிடம் வெறும் இலை. பிறகு எதிர்த் திசையிலிருந்து ஆஸ்பத்திரி நீலக் கோட்டோடு ஃபோட்டினி வந்தாள். நின்று படியைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒருதரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டாள். படம் அணைந்தது. டிசம்பரில் அவள் பனி தள்ளிக்கொண்டிருந்தாள், ஜனவரியிலும்.

"மொத்தம் மூணு தடவை. எண்ணிட்டேன்" என்றாள் இர்ம்கார்ட்.

நேகலேயின் காது சிவந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் ஃபோட்டினியிடம், ஏதோ அவள்தான் ஏமாற்றியவள் மாதிரி.

"பலகை உங்க கதவுல தொங்குச்சு, நீங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுனீங்க. இதுல சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லாத மனுஷன்." அவள் கேசட்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, உங்க சாமான். இதைக் கூட்டத்துல காட்டப் போறீங்கன்னு இர்ம்கார்ட் சொன்னா. காட்டுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த நீலக் கோட்டுதான் கொஞ்சம் அழுக்கு."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாங்கிக்கொண்டு இறங்கினார். புது டெக்கின் இரண்டு வாயும் அன்று பட்டினி கிடந்தன.

மறுநாள் நிர்வாக அலுவலகத்துக்குக் கடிதம் போனது: 'ஐந்தாவது பொருளைத் திரும்பப் பெறுகிறேன். காரணம்: எடைக்கல்லே பழுது.' அலுவலகத்துப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நிம்மதியாகக் கோப்பில் செருகினாள்.

அந்தச் சனிக்கிழமை பலகை தொங்கியது ஃபோட்டினி கதவில். காலை ஏழுக்கு விளக்குமாற்றோடு படியில் நின்றது நேகலே. மூன்று முறை அவள் வாரத்தை அவர் பெருக்குவதாக இர்ம்கார்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தாள், மேல்முறையீடு கிடையாது. வேலை முடிந்து வந்த ஃபோட்டினி அவரைத் தாண்டிப் படியேறினாள்.

"நான் நேத்தே பெருக்கிட்டேனே சார்!"

"தெரியும்" என்றார் நேகலே தலை நிமிராமல். "நீங்க போய்த் தூங்குங்க."

நாலு காய்ந்த இலைதான் இருந்தன. அவற்றையே முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஜன்னல் திறந்தது. ஜெரேனியம் தொட்டிகளுக்கு நடுவே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது, அதன் பின்னால் இர்ம்கார்டின் முகம்.

"குனிஞ்சு நல்லாப் பெருக்கு கோட்ஹோல்ட்" என்றாள். "நாலு வாரம் தாங்கணும்."