பவுடர் போடும்போது பேசாதே

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பியின் ஃபோனை நானே கட் பண்ணினேன்.

நம்பமாட்டீர்கள். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிடுகிற பெண்ணிடம்கூட "சாப்ட்டியாம்மா, எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, அவளே விட்டால் போதும் என்று ஓடும்படி செய்கிறவள் நான். அப்படிப்பட்டவள், வாரத்தில் எனக்கென்று வருகிற அந்த ஒரே ஃபோனை, பாதிப் பேச்சில் வைத்தேன்.

தம்பி ரவி அரிஸோனாவில் இருக்கிறான். தெலுங்கு ஊரில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் அமெரிக்கா போனான். நான் அதே ஊரில் காஞ்சன்பாக்கில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். அவன் மனைவி அவனை விட்டுப் பிரிந்து பல வருஷம் ஆகிறது. நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுத் தமிழ் ஒரு தினுசு. பாதி அரக்கோணம், மீதி உள்ளூர் உருது: 'ஆமாம்' என்றால் 'ஹவ்', 'வேண்டாம்' என்றால் 'நக்கோ', 'ஏன்' என்றால் 'கைக்கு'. அந்தப் பாஷையைப் பேச அவனுக்கு நான், எனக்கு அவன். வேறு யாரும் மிச்சமில்லை.

சரி, அப்படி என்னதான் பேசினோம்?

"சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "அங்க வெயிலா?" "வெயில்தான்." அப்புறம் அவன் தொண்டையைக் கனைப்பான். நான் "சரிப்பா, உனக்கு வேலை இருக்கும்" என்பேன். இருக்காது. இரண்டு பேருக்குமே இருக்காது.

இந்த நிலைமையில்தான் அவன் ஒரு துப்பாக்கி வாங்கினான்.

பதறாதீர்கள்! அட்டையில் வட்டம் போட்டு, குறி பார்த்துச் சுடுகிற விளையாட்டு. அவன் வாங்கியது லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். "அந்த சடக்... சடக்... சத்தத்துக்காகவே வாங்கினேன் அக்கா" என்றான். அறுபதை நெருங்குகிற ஆள்!

கடைத் தோட்டா தோளை உதைக்கிறதாம். அட்டையைச் சுடுவதற்கு எதற்கு அவ்வளவு வேகம்? அங்கே சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் பண்ணி, வெடிமருந்துப் பவுடர் போட்டு, மேலே குண்டை அழுத்தி, வீட்டிலேயே மென்மையான தோட்டா செய்துகொள்ளலாமாம். சட்டப்படியே! நம்மூரில் இதைச் செய்தால் தோட்டா முடிவதற்குள் போலீஸ் வந்து கதவைத் தட்டும்.

"எந்த பவுடர் அக்கா வாங்கறது? நீ அந்த லேப்லதானே இருந்தே?"

அடடா... அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? முப்பது வருஷம் ராக்கெட்டுக்கான மருந்தைச் சோதிக்கிற இடத்தில் இருந்தேன். என் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் நான் சொல்ல முடியாது. எடை போடுகிற அறையின் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. குட்மார்னிங்கூடக் கிடையாது. அப்படிப் பேசாமல் இருந்துதான் சம்பளம் வாங்கினேன். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆள்தான் இல்லை.

எவ்வளவு பவுடர் போடுவது என்பதில் நான் தலையிடவில்லை. ராக்கெட் வேறு, ரைஃபிள் வேறு. அளவெல்லாம் அச்சடித்த கையேட்டில் இருப்பதுதான் வேதவாக்கு என்று சொல்லிவிட்டேன். அந்தக் கையேடு இரண்டு பவுடருக்குச் சம்மதம் சொல்லியிருந்தது. ஒன்று, சுருக்கென்று எரிகிற ரகம். துளியூண்டு போட்டால் போதும். இன்னொன்று உப்பலானது, கூட்டைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும்.

"முதல் டப்பாதான் அக்கா. ஒண்ணு வாங்கினா ரொம்ப நாள் வரும்."

"நக்கோ. ரெண்டாவதை வாங்கு."

"கைக்கு?"

"ஏன்னா, முதல் பவுடரை மறந்துபோய் ஒரே கூட்டுல ரெண்டு தடவை போட்டாலும் உள்ளே அடங்கிடும். வெளியே தெரியாது. சுடறப்போ துப்பாக்கி உன் மூஞ்சியிலேயே வெடிக்கும். உப்பல் பவுடரை ரெண்டு தடவை போட்டா வழிஞ்சிடும். கண்ணே காட்டிக் குடுத்துடும்."

"நான் என்ன பச்சக் குழந்தையா, ரெண்டு தடவை போடறதுக்கு?"

"போட்டவன் எல்லாரும் இப்படித்தான்டா சொல்லியிருப்பான்!"

இப்படியே ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. சண்டை, வக்காலத்து, கிண்டல். "சாப்ட்டியா" கேட்கவே எங்களுக்கு நேரமில்லை! ஃபோனை வைத்த பிறகும் என் காது சூடாக இருக்கும். திங்கள்கிழமையே அடுத்த வாரத்துக்கான பாயிண்டுகளை யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். உண்மையைச் சொல்கிறேன் — அவன் எந்த பவுடரை வாங்குவான் என்ற கவலையைவிட, வாங்கிவிட்டால் அப்புறம் என்ன பேசுவது என்ற பயம்தான் எனக்கு அதிகம்.

போன ஞாயிறு அவன் வாங்கிவிட்டான். எதை? முதல் டப்பாவைத்தான். சொன்ன பேச்சு கேட்கிற ரத்தமா எங்களுடையது?

"திட்டாதே அக்கா. இதோ, ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பவுடரைப் போட்டுக்கிட்டே பேசறேன். உனக்கும் போரடிக்காது."

மேஜையில் பித்தளைக் கூடுகள் வரிசையாக உட்காரும் சத்தம் கேட்டது. டிங்... டிங். அவனுக்கு அங்கே சனிக்கிழமை சாயங்காலம். எனக்கு இங்கே ஆறிப்போன இட்லி. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், புளிக்குழம்பு ஏன் அங்கே ருசிக்கமாட்டேன் என்கிறது... அவன் கைவேலையாக இருந்ததால் கனைப்பே இல்லை. ஓர் ஆண்பிள்ளை வாயைத் திறக்க வேண்டுமென்றால் அவன் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அத்தனை சந்தோஷம். தொடக்கத்திலேயே "பேசாமல் போடு" என்று சொல்லியிருக்க வேண்டியவள், சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேட்டான்.

"அக்கா... ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். தனியா இருக்கியே... உனக்கு பயமா இல்லையா?"

என்னைப் பார்த்து இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன்! ஆபீசில் கூட இருந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளோடு கச்சிபௌலி அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். எதிரே பார்த்தால் "மேடம், பாகுன்னாரா?" என்று நலம் விசாரிப்பார்கள். சௌக்கியம் என்றால் மேலே கேட்கமாட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இரு, இரு அக்கா..." என்றான் ரவி. "இதுல போட்டேனா?"

என் கண் முன்னால் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"குண்டு அழுத்தினது ஏதாவது இருக்கா?"

"இன்னும் இல்ல. பவுடர் மட்டும்தான்."

"எல்லாக் கூட்டையும் கவுத்துடு."

"எல்லாத்தையுமா? ஒண்ணுலதான் டவுட்டு அக்கா."

"அந்த ஒண்ணு எதுன்னு அடிச்சுச் சொல்லுவியா?"

அவன் ஒரு கூட்டை எடுத்துப் பார்த்து வைக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்றை.

"கவுத்துட்டு முதல்லேருந்து ஆரம்பி. நான் ஃபோனை வைக்கறேன்."

"நக்கோ அக்கா, லைன்ல சும்மா இரேன். நான் பேசல..."

"ஸ்பீக்கரும் வேணாம், ஒண்ணும் வேணாம். முடிச்சிட்டுக் கூப்பிடு."

வைத்துவிட்டேன்.

வீடு கப்சிப். வீட்டு வேலைக்கு வருகிற யாதம்மா பாத்திரம் தேய்த்து முடித்து, என்னை எட்டிப் பார்த்து, ஃபோன் கெட்டுவிட்டதா என்று தெலுங்கில் கேட்டாள். இல்லை, நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றேன். அது அடிக்கவில்லை. அடிக்காத வரைக்கும் அவன் ஒழுங்காகக் கவனம் வைத்துச் செய்கிறான் என்று அர்த்தம். அடிக்காத ஃபோனைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்தது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு கூப்பிட்டான். எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டானாம், மறுபடி போடத் தைரியம் வரவில்லையாம். அந்த டப்பாவே வேண்டாம், நான் சொன்ன உப்பல் பவுடரையே வாங்குகிறானாம். "நீ ஜெயிச்சிட்டே அக்கா" என்றான். நானும் சிரித்தேன். பவுடர் விவகாரம் முடிந்தது. அந்தக் கேள்வியை அவன் மறந்துவிட்டான். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நாளை மறுபடி ஞாயிறு. இந்த முறை "சாப்ட்டியா" இல்லை. எடுத்தவுடனே கேட்கப்போகிறேன் — "டேய், மேஜை காலியா?"

காலி என்றால் சொல்லிவிடுவேன்... ஹவ்டா, பயமாத்தான் இருக்கு.