சின்னச் சைக்கிளுக்கு ஒரு முன்பை

சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் நாங்கள் வேலை செய்த ஹோட்டலை வருடத்தில் இரண்டு தடவை பூட்டுவார்கள். பனிச்சறுக்குக்காரர் போனபின் ஒரு தடவை, கோடைக்கு வந்தவர்கள் போனபின் இன்னொரு தடவை. அந்த நாட்களில் சமையலறையில் என் கணவருக்குப் பெரிய வேலை இருக்காது. துணி அறையில் எனக்கு மட்டும் மலைபோல் வேலை குவியும். கிழிந்த போர்வைகள், கழன்ற திரைச்சீலைகள் எல்லாம் அப்போதுதான் தையல் மெஷினுக்கு வரும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பனி உருகி முடிந்த ஒரு பின்னேரம், பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் ஷ்குவோலில் இருந்த சிநேகிதிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று செய்தி வந்தது. சுவிஸுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் அவள். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மஞ்சளும் சேர்த்துக் காயச்சரக்கு அரைத்துக் கொடுக்க அந்த ஊரில் ஒருவருமில்லை. நான் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். சைக்கிளில் போகிறேன் என்றும் அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

"றெயில் இருக்கேக்கை என்னத்துக்குச் சைக்கிள்?" என்று கணவர் கேட்டார்.

"நீங்கள் றெயில்லை போங்கோ. நான் சைக்கிளிலை வாறன்."

"நீர் ஒண்டை நினைச்சா விடமாட்டீர்."

"ஓம்," என்றேன்.

ரயில் இருப்பது எனக்குத் தெரியாதா? வந்த நாளிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கை நான் ரயில் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருந்தேன். பள்ளிக்கூடக் காலம் முழுக்கச் சைக்கிள் ஓடியவளுக்கு அது போதவில்லை.

சைக்கிள் ஏற்கெனவே கையில் இருந்தது. ஹோட்டல் முதலாளியின் மகள் வளர்ந்துவிட்டாள், நிலவறையில் கிடந்த அவளுடைய சிவப்புச் சைக்கிளை எனக்குத் தந்திருந்தார்கள். நான் ஐந்தடி இல்லை. அதில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு காலும் நிலத்தில் பட்டன. எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஒரே ஒரு குறை, சாமான் வைக்க அதில் இடமில்லை. பின்னால் கரியர் கிடையாது, அதைப் பூட்டுவதற்கான துளைகளும் கிடையாது. முதுகில் பை கொழுவிக்கொண்டு ஒருநாள் ஓடிப் பார்த்தேன். மேட்டில் அது கழுத்தைப் பின்னால் இழுத்தது. ஆகவே ஹாண்டிலின் முன்னால் ஒரு பை வேண்டும்.

ஹோட்டல் இருந்த சமேடனிலேயே ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையாக மூன்று பைகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். சின்னச் சைக்கிளில் ஹாண்டிலுக்கும் முன்சில்லுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. ஒரு பை மட்காட்டின் மேல் குந்தியது. இன்னொன்று பிறேக் கம்பிகளை மடக்கியது, பிறேக் பிடித்தால் கை திரும்பி வரவில்லை. மூன்றாவது அகலமாக இருந்து, கைப்பிடியில் விரல் வைக்க இடம் விடவில்லை.

"உங்களுக்குப் பெரிய சைக்கிள்தான் வேண்டும்," என்றார்.

"பெரிய சைக்கிளில் எனக்குக் கால் எட்டாது."

அவர் பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார். அவரில் பிழையில்லை. அந்தப் பைகளைச் செய்தவர்கள் என் உயரத்தில் ஒருத்தி மலைப்பாதையில் சைக்கிள் ஓடுவாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பொருந்தும் பை எங்கேயோ இருக்கிறது, இந்தக் கடையில் இல்லை, அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த முயற்சி கணவருடையது. சமையலறைப் பிரம்புக் கூடை ஒன்றைக் கயிற்றால் ஹாண்டிலில் கட்டி, பாரத்துக்கு வெங்காயத்தை நிரப்பித் தந்தார். சமதரையில் நன்றாகத்தான் போனது. ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவில் ஒரு குழியில் சில்லு விழுந்தது. கூடை தாழ்ந்து சில்லில் உரசியது, அடிப்பக்கம் பிய்ந்தது, வெங்காயம் எல்லாம் எனக்கு முன்னால் உருண்டு ஓடியது. பின்னால் வந்த அஞ்சல் பஸ் நின்றது. சாரதி இறங்கி வந்து தொப்பியைக் கழற்றி அதற்குள் வெங்காயம் பொறுக்கினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: பையின் அடி தொய்யக்கூடாது, பை ஆடவும் கூடாது.

துணி அறையில் என்னோடு வேலை செய்தவள் அந்த ஊர்க்காரி. வீட்டில் றொமான்ஷ் மொழி பேசுபவள். அவளுக்கும் ஜெர்மன் இரவல், எனக்கும் இரவல். அதனால் இருவரும் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டோம். வெங்காயக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள், மறுநாள் ஒரு பை கொண்டுவந்தாள். சாம்பல் நிறத்தில் தடித்த கன்வஸ், பின்பக்கம் மூன்று தோல் பட்டிகள். அவளுடைய கணவர் இராணுவச் சேவைக்குப் போனபோது சாப்பிடப் பாண் வைத்துக்கொண்டு போன பை. அங்கே ஆண்கள் எல்லோரும் கொஞ்சக் காலம் ஆமியில் இருக்க வேண்டும், வீட்டுக்கு வீடு இப்படியொரு பை கிடக்கும் என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிலவறைக்குப் போய் அதை ஹாண்டிலில் கட்டிப் பார்த்தேன். அளவு அப்படியே பொருந்தியது. அகலம் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில் அடங்கியது. உயரம் சில்லுக்கு மேல் நாலு விரல் இடம் விட்டு நின்றது. சந்தோசத்தில் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கணவர் கதவடியிலேயே கண்டுவிட்டார்.

"உதை எங்கை எடுத்தனீர்?"

"என்னோடை வேலை செய்யிற மனுசி தந்தது. அவவின்ரை புருசன்ரை."

"உது ஆமிப் பை."

"ஓம். இஞ்சத்தை ஆமி."

"எந்த ஆமியெண்டாலும் உது வீட்டுக்கை வேண்டாம்."

அவர் அப்படிக் கதைப்பவர் அல்ல. பையை வெளியே படியில் வைத்துவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் சொன்னார். ஊரில் ஒருநாள் வேலைக்குப் போகும்போது சந்தியில் ஆமிக்காரர் மறித்திருக்கிறார்கள். அவருடைய சைக்கிளில் இருந்த பையைக் கொட்டிச் சாப்பாட்டுப் பெட்டியைக் காலால் தட்டிவிட்டார்களாம். பிறகு ஒருவன் தன்னுடைய பாரமான பையை இவர் தலையில் வைத்து, இறக்காமல் வெயிலில் நில் என்றிருக்கிறான். மற்றவர்கள் அதைப் பார்த்தபடி இருந்து தேத்தண்ணி குடித்தார்களாம். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னதில்லை.

"அந்தப் பையின்ரை மணம் இப்பவும் மூக்கிலை நிக்குது," என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றினேன். குடித்து முடித்தபின், "அளவா இருக்கெண்டா வைச்சிரும். நான் சும்மா சொன்னனான்," என்றார்.

"நீங்கள் சும்மா சொல்லேல்லை," என்றேன்.

மறுநாள் பையைத் துணி அறை மேசையில் விரித்து, பழுப்புக் கடதாசியில் அதன் உருவத்தை வரைந்து எடுத்தேன். அளவு கிடைத்துவிட்டது, எனக்கு வேண்டியது அதுதான். பிறகு பையைத் துடைத்து மடித்து, தந்தவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"பொருந்தவில்லையா?" என்றாள்.

"நன்றாகப் பொருந்தியது. ஆனால் என் கணவர்... அங்கே, சிப்பாய்கள்..."

என்னுடைய ஜெர்மன் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அவள் பையைத் தன் கூடைக்குள் கீழே வைத்து மேலே துவாயைப் போட்டாள். பிறகு எழுந்துபோய் மெஷினில் இருந்த ஊசியைக் கழற்றிவிட்டு, கன்வஸ் தைக்கும் தடித்த ஊசியைப் பூட்டினாள்.

ஹோட்டல் மொட்டைமாடிக்கு வெயில் மறைப்பாக இருந்த பழைய படங்கு ஒன்று எறிவதற்காக மூலையில் கிடந்தது. செம்மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. முதலாளியம்மாவைக் கேட்டுவிட்டு அதை வெட்டினேன். ஓரம் நாலு மடிப்பாக வந்த இடங்களில் மெஷின் முனகியது, சில்லைக் கையால் சுற்றித் தைத்தேன். அடி தொய்யாமலிருக்கக் கணவர் சமையலறையிலிருந்து வெற்று மயோனைஸ் வாளி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் பக்கத்தை அளவாக வெட்டி உள்ளே வைத்தார். கட்டுவதற்குப் பனிச்சறுக்குப் பலகைகளைச் சேர்த்துக் கட்டும் ரப்பர் பட்டிகள் இருந்தன. விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போனவை, பெட்டி நிறையக் கிடந்தன.

பிறேக் கம்பிதான் கடைசித் தொல்லை. பையை இறுக்கிக் கட்டினால் கம்பி மடங்கியது, தளர்த்தினால் பை ஆடியது. ஒருநாள் முழுக்க யோசித்தேன். நூல் தீர்ந்துபோன மர நூல்கட்டை ஒன்று மேசையில் உருண்டபோது வழி தெரிந்தது. அப்படி இரண்டு கட்டைகளைப் பைக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் வைத்து, அவற்றின் துளைக்குள்ளால் பட்டியை விட்டு இறுக்கினேன். பை முன்னால் தள்ளி நின்றது, கம்பிக்கு இடம் கிடைத்தது, விரலுக்கும் இடம் கிடைத்தது. சரிவில் இறங்கிப் பார்த்தேன். பை அசையவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் புறப்பட்டேன். பைக்குள் காயச்சரக்குத் தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், உள்ளி, ஒரு மாற்றுடுப்பு, மழைச்சட்டை, வழிக்குப் புட்டு. கணவர் சட்டிபானையும் பிள்ளைக்கு உடுப்புகளும் எடுத்துக்கொண்டு ரயிலில் வருவதாக ஏற்பாடு.

வெயில் ஏற ஏற, மலோயாக் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. இன் ஆறு பனித்தண்ணீரில் சாம்பலாகப் பொங்கிக்கொண்டு பக்கத்தில் வந்தது. ஒரு வளைவில் சிவப்பு ரயில் என்னைக் கடந்து போனது. கணவர் ஜன்னலைத் திறந்து உடம்பில் பாதியை வெளியே விட்டுக் கை காட்டினார். நான் ஒரு கையை எடுத்து ஆட்டினேன்.

சேர்னெட்ஸ் ஊரில் ஒரு மதிலில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு காற்று இல்லை, மேடுகள் இருந்தன. இரண்டு மேடுகளில் இறங்கித் தள்ளினேன். தள்ளுவதில் ஒரு வெட்கமும் இல்லை. எதிரே வந்த ஒரு வயதான தம்பதி என்னையும் கோடு போட்ட பையையும் பார்த்து, எங்கிருந்து என்று கேட்டார்கள். இலங்கை என்று சொல்லாமல், சமேடன் என்றேன். அப்படியா, தூரம்தான் என்றார்கள். அந்தப் பதிலும் எனக்குப் பிடித்திருந்தது.

பின்னேரம் ஷ்குவோல் போய்ச் சேர்ந்தேன். வேலைக்காரர் விடுதியின் மேல்மாடியில் சிநேகிதியின் அறை. கணவர் அங்கே வெங்காயம் வெட்டி முடித்திருந்தார். தூளை எடுத்து நானே சரக்குக்கறி காய்ச்சினேன். அந்த மணத்துக்கு அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று நோ வந்தபோது தான் அம்மா, அம்மா என்று கத்தியதையும், தாதி தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் ஓடி வந்ததையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள், பிறகு சிரித்தாள்.

"அக்கா, உண்மையா சைக்கிளிலையோ வந்தனீங்கள்?"

"கீழை நிக்குது, வேணுமெண்டா வந்து பார்."

பிள்ளையை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு வெளியே போகாதே என்று ஊரிலென்றால் பத்துப்பேர் வந்து நிற்பார்கள். "இஞ்சை ஏசக்கூட ஆருமில்லை," என்றாள். அதில் அவளுக்குச் சந்தோசமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

சைக்கிளைச் சுற்றிப் பார்த்தாள். நூல்கட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள், பையின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு மணியை அடித்தாள். மேலே ஜன்னலில் கணவர் பிள்ளையோடு வந்து நின்றார்.

"மாரிக்கு முதல் நானும் ஓடுவன்," என்றாள்.

"ஓடு. உன்ரை சைக்கிளைக் காட்டு, பை நான் தைச்சுத் தாறன்."

அவள் மெதுவாகச் சாய்ந்து, ஆசனத்தின் ஓரத்தில் கொஞ்சமாக இருந்தாள். நான் இரண்டு கையாலும் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.