தீபாவளிக்கு முன் எடுக்கக் கூடாத பெயர்

கல்லூரிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகளுக்கு ஒரு விதிக் கையேடு உண்டு. முழுநேர ஊதிய வேலையில் இருப்பவர் கல்லூரி அணியில் ஆடக் கூடாது என்று அதில் ஓர் உட்பிரிவு. இந்த விஷயத்தில் யாராவது ஆட்சேபம் எழுப்பினால், மாணவனின் கல்லூரி வருகையைப் பார்த்து முதல்வரே முடிவெடுக்கலாம், அவர் முடிவே இறுதியானது என்று அடுத்த உட்பிரிவு. மேலிடத்தைக் கேட்க வேண்டியதில்லை. எளிய தமிழில் சொன்னால், ஒரு கையெழுத்து போதும்.

அந்தக் கையெழுத்தை வாங்க முடியாமல் போனவன் நான். திருப்பூரில் ஒரு கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கோப்புகளைப் பார்த்தாயிற்று. பெரும்பாலானவை மறந்துவிட்டன. இது மட்டும் நினைத்தாலே வாயில் கசப்பு ஊறுகிறது.

1986 ஜூன். சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஒரு பையனை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். ஊத்துக்குளிக்காரர், தினமும் ரயிலில் வந்து போகிறவர், வேலையில் உண்மையான ஈடுபாடு உள்ளவர். அந்தக் கல்லூரியில் அது ஒரு குறைபாடாகவே கருதப்பட்டது.

“ஏனுங்க சார், இந்தப் பையனைக் கொஞ்சம் நிமுந்து பாருங்க” என்றார்.

நிமிராமல் பார்க்க வழியில்லை. என் அறை நிலைக்குக் குனிந்துதான் அவன் உள்ளே வந்திருந்தான்.

தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் பனியன் வேலைக்கென்று வந்து அருள்புரத்தில் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். பையன் மட்டும் ஊரிலேயே ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தான். கூடைப்பந்து அங்கே கற்றது. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் பெற்றோரிடம் வந்தான். வந்த கையோடு, எங்கள் ஊரில் பரீட்சை முடித்த எல்லாப் பையன்களும் செய்வதையே அவனும் செய்தான். ரிசல்ட் வரும்வரை கம்பெனி வேலைக்குப் போனான். தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்கும் வேலை. கைமடி என்பார்கள்.

அவன் வேலைக்குப் போன கம்பெனியின் முதலாளி எங்கள் கல்லூரிக் கமிட்டியிலும் இருந்தார். கோடையில் கம்பெனி அணிகளுக்கென்று ஒரு கூடைப்பந்துப் போட்டி நடக்கும். வேலையில் இருப்பவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது அதன் நிபந்தனை. அதனால் ஏப்ரல் பிறந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் திடீரென்று உயரமான ஆட்கள் வேலைக்குச் சேர்வார்கள். அவர்களில் பலருக்கு ஓவர்லாக் மெஷினுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. இவன் ஒருவன்தான் பகலெல்லாம் நின்று உண்மையாகவே வேலை செய்துவிட்டு, சாயங்காலம் போய் ஆடினான். முதலாளிக்குக் கோப்பை கிடைத்தது. மகிழ்ந்து போனவர், விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்களிடம் பி.காம். சேர்த்துவிட்டார். கட்டணத்தில் பெரும்பகுதி கிடையாது. ஒரே நிபந்தனை, முதலாண்டில் கல்லூரி அணிக்காக ஆட வேண்டும். ஆடாதவனுக்குச் சலுகை ரத்து.

கல்லூரி திறந்த அன்றே அவன் கம்பெனி வேலையை விட்டுவிட்டான். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குத் தயாராகத் தொடங்கினான்.

எங்கள் ஆடுகளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமெண்ட் தளம் அந்த முதலாளி போட்டுக் கொடுத்தது. வளையம் மாட்டிய பலகையில் அவர் கம்பெனியின் பெயர் வளையத்தைவிடப் பெரிதாக இருக்கும். தளத்தை ஒட்டி ஒரு சாக்கடை. மேலே இருந்த சாயப்பட்டறைகளின் கழிவெல்லாம் அதில்தான் ஓடும். கம்பி வேலி போட வேண்டும் என்று நான் குறிப்பு எழுதினேன். பலகையில் பெயர் எழுதப் பெயிண்ட் வாங்கினார்கள். பந்து அடிக்கடி சாக்கடையில் விழும். வெளியே வரும்போது பட்டறைக்கு வந்த ஆர்டர் எதுவோ அந்த நிறத்தில் வரும். ஒரு வாரம் ஊதா, ஒரு வாரம் இரத்தச் சிவப்பு. விழுந்தால் புதுப் பையன்தான் இறங்கி எடுக்க வேண்டும் என்று சீனியர்கள் சட்டம் போட்டிருந்தார்கள். அவன் முழங்கால்வரை அந்தச் சாயத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அழுகிய முட்டையும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நாற்றம். பக்கத்தில் உட்கார மாணவர்கள் மறுத்தார்கள் என்று பேராசிரியர் ஒருவர் என்னிடம் புகார் கொண்டுவந்தார். சாக்கடை மேல் இல்லை, பையன் மேல்.

என் ஜன்னலிலிருந்து ஆடுகளம் தெரியும். காலையில் கல்லூரி மணி அடிக்கும் முன்பே ஓடி முடித்திருப்பான். பிறகு ஒரே இடத்தில் நின்று ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டே இருப்பான். இயக்குநர் ஊத்துக்குளியிலிருந்து தூக்குப்போசியில் மோரும், ஒரு பொட்டலம் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுப்பார். மற்றவர்களுக்கு அது பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி, உங்கூர்ல பனமரத்துலயா வளையம் கட்டியிருப்பாங்க?” என்று ஒரு நாள் சீனியர் ஒருவன் கேட்டான்.

“ஆமாண்ணே. உங்களுக்கு எட்டாதுல்லா, அதான் இங்க கீழ கட்டியிருக்காவ” என்றான் இவன்.

எல்லோரும் சிரித்தார்கள், கேட்டவனும்தான். அதன்பின் பந்து எடுக்க அவனோடு இன்னும் ஓரிருவர் சாக்கடையில் இறங்கினார்கள். செப்டம்பருக்குள் அவனை நம்பியே அணி ஆடத் தொடங்கியிருந்தது.

போட்டிக்கு ஆட்டக்காரர் பட்டியல் அனுப்பியதும், கோவையில் ஒரு கல்லூரி ஆட்சேபம் எழுப்பியது. இவன் பனியன் கம்பெனித் தொழிலாளி, கோடையில் கம்பெனி அணிக்கு ஆடியவன், இப்போதும் அங்கே வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று. விசாரித்தால், பெயர் உண்மையிலேயே இருந்தது.

நானும் இயக்குநரும் அருள்புரம் போனோம். கம்பெனிக் கணக்காளர் கொஞ்சமும் தயங்கவில்லை.

“பேரு இருக்குதுங்க. தீபாவளிக்கு முன்னால யாரு பேரும் எடுக்கறதில்லீங்க” என்றார்.

“பையன் ஜூன்லயே நின்னுட்டானுங்களே?”

“நிப்பாங்க, வருவாங்க. ஊருக்கு நோம்பி, திருவிழான்னு போனா ரெண்டு மாசம் கழிச்சு வருவாங்க. வந்தா பழைய பேருதானுங்க. போனஸ் போடறப்பதான் யாரு இருக்கறாங்க, யாரு இல்லைன்னு பாத்து எடுப்போம். இந்த ஊருல எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தானுங்க.”

அவர் சொன்னது பொய் இல்லை. ஆள் வராத நாட்களுக்கு நேராக வெறும் கோடு போட்டு, பெயரை மட்டும் விட்டுவைப்பது இங்கே வழக்கம். ஜூனில் நின்றுவிட்டான் என்று முதலாளி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. கேட்டோம். காப்பி வரவழைத்தார்.

“பேரு இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. பையன் என்ன தேஞ்சா போயிருவான்?” என்றார்.

“எதிர்க் கல்லூரி விட மாட்டேங்கறாங்க” என்றார் இயக்குநர்.

“ஆயுத பூஜை முடிஞ்சதும் கம்பெனி மேட்ச் ஒண்ணு இருக்குதுங்க. பேரை எடுத்துட்டா அதுல எப்படி ஆடுவான்? ரெண்டுலயும் ஆடட்டும். நீங்க படிச்சவங்க, ஏதாவது வழி பண்ணுங்க.”

வழி கையேட்டிலேயே இருந்தது. அன்று மாலையே குறிப்பு எழுதினேன். கல்லூரி வருகைப் பதிவின்படி பையன் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை, பகல் முழுவதும் வகுப்பில் இருப்பவன் அதே நேரத்தில் கம்பெனியில் முழுநேர வேலை பார்ப்பது மனித சக்திக்கு அப்பாற்பட்டது, ஆகவே விதிப்படி முதல்வர் முடிவு செய்யலாம் என்று. இயக்குநரோடு உள்ளே போய் வைத்தேன். முதல்வர் இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாம ஒரு முடிவு பண்ணிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா?”

“உங்க முடிவுதான் இறுதின்னு விதியில இருக்குதுங்க சார்” என்றேன்.

“அதனாலதாங்க பயமா இருக்குது.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “கம்பெனியில பேரு இல்லைன்னு நான் எழுதுனா, அவரு வேற மாதிரி எடுத்துக்குவாருங்க. கமிட்டியில இருக்கறவரு. எதுக்கு வம்பு? பல்கலைக்கழகத்துக்கே எழுதி விளக்கம் கேட்டுருவோம்” என்றார்.

பெயர் இல்லை என்று யாரும் எழுதச் சொல்லவில்லை. பையன் வகுப்பில் இருந்தான் என்று எழுதினால் போதும். அதைச் சொன்னேன். “விளக்கம் கேளுங்க” என்று கோப்பை என் பக்கம் தள்ளினார். விளக்கம் வரும்வரை பையன் ஆடக் கூடாது என்று இயக்குநருக்கு வாய்மொழியாக உத்தரவு. இப்படிப்பட்ட உத்தரவுகள் எங்கள் கல்லூரியில் எப்போதும் வாய்மொழியாகத்தான் வரும்.

கடிதம் போயிற்று. நினைவூட்டல் போயிற்று. பல்கலைக்கழகம் இருந்த கோவைக்கு நானே பஸ் ஏறினேன். சம்பந்தப்பட்ட பிரிவில் இருந்த எழுத்தர் நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டார்.

“இதுல உங்க முதல்வரே முடிவு பண்ணலாமுங்களே? எங்களை எதுக்குக் கேட்டீங்க?”

“அதையே ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்.”

“எழுதணும்னா கோப்பு வேணுமுங்க. அது மேல போயிருக்குது.”

“எப்பக் கீழ வரும்?”

“மேல இருக்கறவரு லீவுங்க.”

திரும்பி வந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மூலனூர் முருங்கைக்காய் விலையைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அன்று நான் சந்தித்தவர்களில் தன் வேலையைத் தெரிந்து பேசியவர் அவர்தான்.

போட்டி எங்கள் களத்திலேயே நடந்தது. கோட்டுக்கு வெளியே, சாதாரணச் சட்டையில் அவன் உட்கார்ந்திருந்தான். அவன் உயரத்துக்கென்று தைத்த அணிப் பனியனை மாற்று ஆட்டக்காரன் போட்டுக்கொண்டு, தொடைவரை தொங்க ஓடிக்கொண்டிருந்தான். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். முன்வரிசையில் முதல்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார்:

“நம்ம பையன் எறங்கியிருந்தா கப்பு நம்மளுதுங்க. இந்த யூனிவர்சிட்டிக்காரங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு வேண்டாமுங்களா?”

முதல்வர் தலையாட்டினார். இயக்குநர் எழுந்து குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

ஆயுத பூஜை முடிந்து கம்பெனி மேட்ச் வந்தது. முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பையன் போகவில்லை. அடுத்த முறை அவரே கல்லூரிக்கு வந்தார். என் அறையில் வைத்துத்தான் பேசினார்.

“என்ன கண்ணு, கம்பெனிக்கு ஆட வர மாட்டேன்னியாம்?”

“ஆடினா நான் தொழிலாளின்னு ஆயிரும்லா சார்.”

“உன்னைச் சேத்துவிட்டது யாருன்னு தெரியுமா?”

“தெரியும் சார். அதான் காலேஜுக்கு ஆடலாம்னு இருந்தேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் தீபாவளிக்கு முன்னால் யார் பெயரும் எடுக்காத அந்தக் கம்பெனியில், அன்று மதியமே ஒரு பெயர் எடுக்கப்பட்டது. ஜூன் முதல் வேலைக்கு வராததால் நீக்கம் என்று கம்பெனி முத்திரையோடு ஒரு தாள் அவன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. நாங்கள் காப்பி குடித்துக்கொண்டு கெஞ்சிக் கேட்ட அதே வரிதான். போட்டி முடிந்துவிட்டிருந்தது.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டு மாணவர்களின் சலுகையைச் சரிபார்த்தார்கள். இவன் முதலாண்டில் ஆடவில்லை, ஆகவே ரத்து. ஆடவில்லை என்பதற்கும் ஆட விடவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி நான் மறுபடியும் குறிப்பு வைத்தேன். கமிட்டிக் கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டது. முதலாளி முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “பல்கலைக்கழகத்துல இருந்து பதில் வரட்டுங்க, பாக்கலாம்” என்றார் முதல்வர். முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லி ஓலை போனது.

அவன் அம்மா வந்தார். தான் வேலை பார்த்த கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். முந்தானையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“லீவுல சும்மா கெடக்காம வேலைக்குப் போனான். அது தப்பா சார்?”

“தப்பு இல்லீங்க.”

“பெறகு என்னத்துக்கு எம்பிள்ளைய வெளயாட விடல?”

விதி எண் சொல்லி விளக்கலாம். சொன்னால் அந்த விதி அவன் பக்கம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், முதல்வர் அறைக் கதவு திறந்திருப்பது தெரிந்தே. அம்மா கேட்டு முடித்துவிட்டு, “பதில் வந்தா சொல்லுவியளா?” என்றார். சொல்கிறேன் என்றேன். கதவு உள்ளிருந்து மெல்லச் சாத்தப்பட்டது.

பிப்ரவரியில் பையன் வருவது நின்றது. வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக இயக்குநர் வந்து சொன்னார். தினம் ஒன்றரை ஷிப்டாம். காலையில் போனால் ராத்திரிதான் வீடு. ஆடுகளத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வருவதில்லை என்றார். அதன்பின் தூக்குப்போசியில் தனக்கு மட்டும் மோர் கொண்டுவந்தார்.

பதிலும் வந்தது. நிதியாண்டு முடிவில் நிலுவைக் கோப்புகளை முடித்துக் காட்டுவதற்காக மார்ச் முப்பத்தொன்றாம் தேதியிட்டு எழுதப்பட்ட ஒரு பத்தி. குறிப்பிட்ட மாணவர் முழுநேரப் பணியில் இல்லாததால் மார்ச் முப்பத்தொன்றோடு முடியும் நடப்புப் பருவப் போட்டிகளில் அவர் ஆடுவதற்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் இருந்தது. முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு உண்மையாகவே மகிழ்ந்தார். “பாத்தீங்களா, நமக்குச் சாதகமாத்தான் வந்திருக்குது” என்றார்.

அன்று மாலை அருள்புரம் போனேன். லைன் வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். பையன் ஷிப்டில் இருந்தான். கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டினேன். “இன்னைக்கு என்ன தேதி சார்?” என்று கேட்டார்.

ஏப்ரல் ஒன்பது என்றேன்.