காரணம் கேட்ட கை

யுத்த காலத்தில் நான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உத்தியோகத்துக்குப் புதிது. ஆசிரியர்கள் என்னைக் கண்டு நடுங்குவார்கள்; அது என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

திருத்தணியில் இரண்டாம் வகுப்பு டீச்சரம்மாவை அப்போதுதான் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, ஒரு பக்கம் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. அவருடைய வேலை நிரந்தரமாவது என் குறிப்பை நம்பி இருந்தது. எந்தக் குழந்தை எதை நல்லது, கெட்டது என்று சொன்னாலும், திருநீறு வாங்குவதுபோல் உள்ளங்கையை நீட்டுவார். காரணம் வரும்வரை கை இறங்காது.

எனக்கு விளையாட்டுப் புத்தி. "நான் நல்ல இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டுவைத்தேன்.

"ஆங், நல்லவருங்க," என்றான் ஒரு பையன். கை நீண்டது. "குதிரை வண்டில வந்தாரு டீச்சர்."

"அது வண்டிக்குப் பெருமைடா. இவருக்கு என்னா?"

பையன் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மலையில் புதிதாக மொட்டை போட்டிருந்த ஒரு சிறுமி எழுந்தாள். "நல்லவரு இல்லீங்க டீச்சர்."

டீச்சரம்மாவின் முகம் வெளுத்தது. அதட்டி உட்காரவைத்திருக்கலாம். கையைத்தான் நீட்டினார்.

"ஏன்னா, வந்ததுலேர்ந்து கடியாரத்தையே பாத்துகினு கீறாரு."

"சரியான காரணம்," என்றார், என்னைப் பார்க்காமல்.

அவர் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிவிட்டு வந்தேன். அவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று இன்றும் விளங்கவில்லை. என் மேலதிகாரியைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதற்குக் காரணங்கள் ஏழு உண்டு. ஓய்வு பெற்றதும் சொல்லலாம் என்றிருக்கிறேன்.