சந்தனமில்லாத பொட்டு

லோடு ஏற்றும் பலகைக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள் ஐந்து பேட்டரிகள் வரிசையாக இருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கும் புளித்த வாடை ஒன்று வரும். பேட்டரி வண்டி வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூடியைத் திறப்பது எனக்குப் பூஜை மாதிரிதான். குளித்து விபூதி இட்டுக்கொண்ட பிறகே தொடுவேன். டிஸ்டில்டு வாட்டர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து ஊற்றுவேன். முனைகளில் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வாசலின் தடவுவேன். வயரை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, தளர்ந்த நட்டை முறுக்குவேன். படிப்பு எனக்குப் பத்தாவதோடு நின்றுவிட்டது. சிதம்பரத்து டீக்கடைகளுக்கும் மெஸ்களுக்கும் தண்ணீர் கேன் போட்டு, மிச்சத்தைக் குமராட்சி வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதுதான் பிழைப்பு. வண்டி ஓடினால் வீட்டில் உலை கொதிக்கும்.

அந்த ஐந்து பேட்டரிகளையும் விற்றவர் என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கடலூரில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். பெரிய குரல் அவருக்கு. எந்த விசேஷமானாலும் பந்தியில் அவர் உட்காரும் வரிசையில்தான் சிரிப்பு. தங்கச்சி என்றால் உயிர் என்று ஊரே சொல்லும், அவரும் சொல்வார். அந்த மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மனம் ஆறிப்போய் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மழைக்காலத்தில் வண்டி திடீர் திடீரென்று நின்றது. ஆக்சிலேட்டரைத் திருகினால் அசையாது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கிளம்பும். பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்துகிற சின்ன சுவிட்ச் ஒன்று பிரேக் கைப்பிடியில் உண்டு. அதில் ஈரம் இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பேட்டரியில்தான் கோளாறு என்று நினைத்து, வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றி மச்சான் கடைக்குக் கொண்டுபோய் விட்டேன். "வுட்டுட்டுப் போ மாப்ள, எல்லாத்தையும் செக் பண்ணி வெக்கிறேன்" என்றார். மறுநாள் போனேன். சுவிட்சைச் சரிசெய்திருந்தார். கடைத் தெருவில் ஓட்டிப் பார்த்தேன், வண்டி சொன்னபடி கேட்டது; வந்தது போலவே இன்னொரு வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் கை பட்டால் அப்படித்தான் என்று மனைவிக்கு ஒரே பெருமை.

ஆனால் அன்றிலிருந்து வண்டி தூரம் போகவில்லை. குமராட்சிக்குப் போய்த் திரும்பும்போது வழியிலேயே மூச்சு வாங்கும். கேன்களோடு ரோட்டோரம் நிறுத்திவிட்டு, தெரிந்த வீட்டில் கெஞ்சி சார்ஜ் போட்டுக்கொண்டு வருவேன். மெஸ்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மச்சானிடம் சொன்னதற்கு, "நீ என்னா தண்ணி ஊத்துன? கெணத்துத் தண்ணியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையில் அடித்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணப் பந்தி. இலையில் சாம்பார் விழுந்துகொண்டிருந்தது. எதிர் வரிசையிலிருந்து அவர் குரல் எழுந்தது. "எங்க மாப்ள சாமி பக்தி ஜாஸ்தி தெரியுமா? பேட்டரிக்குக் கோயில் தீர்த்தத்த ஊத்திட்டாரு. பேட்டரி மோட்சத்துக்குப் போயிடுச்சி!" பந்தியே குலுங்கிச் சிரித்தது. பரிமாறியவன் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தான். நானும் பல்லைக் காட்டினேன், வேறு என்ன செய்ய? அந்தப் பேச்சு சிதம்பரம் வரை வந்தது. கீழவீதி டீக்கடைக்காரர் கேனை வாங்கும்போதே, "தீர்த்தம், இன்னிக்கி வண்டி வூடு போயி சேருமா?" என்பார். என்னைச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாமியையும் சேர்த்து இழுத்து, வண்டியைப் பார்க்கத் தெரியாதவன் என்று ஊர் பூராவும் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெயரை அவர் வாயாலேயே துடைக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் சாமியிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களுக்கு முன்னால் செங்கல் வைத்து, மனைவியை ஆக்சிலேட்டரை லேசாகத் திருகச் சொல்லிவிட்டு, பேட்டரிகளை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலு நின்ற இடத்தில் நின்றன. கடைசியில் இருந்தது மட்டும் சடாரென்று இறங்கியது. ஒன்று செத்தாலும் மற்ற நாலையும் அது கீழே இழுத்துவிடும். "இதுதான்" என்றேன். அவளும் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இது நம்முளுது இல்லைங்க."

ஒரே கம்பெனி, ஒரே நிறம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். ஆயுத பூஜைக்கு ஐந்து பேட்டரிக்கும் அவள்தான் பொட்டு வைத்திருந்தாள். முதலில் சந்தனம், அது காய்ந்ததும் நடுவில் குங்குமம். நாலிலும் சந்தனம் காய்ந்து வெடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் வெறும் குங்குமம், அதுவும் ஈரக் கையால் ஈஷினது போல. "எங்க பொறந்த வூட்ல ஆம்பளைங்களுக்குப் பொட்டு வெக்கத் தெரியாது. சந்தனம் வெக்காம நான் என்னிக்காவது குங்குமம் வெச்சிருக்கனா?" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. பொட்டு இருக்க வேண்டும் என்பதுவரை அவள் அண்ணனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. பொட்டு வைத்துக் கொடுத்தால் தங்கச்சி பார்க்கமாட்டாள் என்று நினைத்திருக்கிறார்.

உடனே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். அவள் தடுத்துவிட்டாள். விருத்தாசலம் பக்கத்தில் ஒரு முருகன் கோயில். அநியாயம் நடந்தால் அங்கே போய், போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது போலத் தாளில் எழுதிச் சாமிக்குப் பிராது கட்டுவார்கள். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கூடப்பிறந்த அண்ணன் பெயரை அவளே தன் கையால் எழுதிக் கட்டினாள். பூசாரி, "நியாயம் கெடச்சா வந்து ராஜினாமா பண்ணிடணும்மா, கேஸ வாபஸ் வாங்குற மாதிரி. பிராத அப்புடியே வுட்டு வெக்கக் கூடாது" என்றார். வடலூருக்குப் பூசம் தவறாமல் போகிறவன் நான். வாடின பயிரைக் கண்டாலும் மனம் இளக வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன். திரும்பும் வழியில் வடலூர் வந்தபோது பஸ் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த தை மாதம் மச்சான் கடலூரில் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. அதற்குள் புதிதாக ஒரு பேட்டரி மாற்றிவிட்டோம். வண்டி பழையபடி ஓடியது. தங்கச்சி சீரை அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கிளம்பினோம். தெருமுனையில் மேளம் எதிர்கொண்டது. பழத்தட்டு, வெற்றிலைத் தட்டு, வேட்டி சேலைத் தட்டு, குத்துவிளக்கு என்று பெண்கள் முன்னால் போனார்கள். எல்லாருக்கும் பின்னால், பித்தளைத் தாம்பாளத்தில் அந்தச் செத்த பேட்டரியைச் சாயாமல் நிறுத்தி, கை இற்றுப்போகிற கனத்தோடு நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதன் தலையில் அவர் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது.

கூடத்தில் சீர்த் தட்டுகளோடு அதையும் இறக்கி வைத்தேன். மேளக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வாசிப்பதை நிறுத்திவிட்டார். மச்சானின் மனைவி, "இது என்னாம்மா, பேட்டரி?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணன் எங்களுக்குக் குடுத்தது. அவுங்க பொருளு அவுங்க வூட்லயே இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றாள் என் மனைவி, எல்லாருக்கும் கேட்கும்படி. "நல்ல பேட்டரிய எடுத்துக்கிட்டு இத வெச்சி அனுப்பிச்சாரு. எங்க வூட்டுக்காரரு தீர்த்தமும் ஊத்தல, கெணத்துத் தண்ணியும் ஊத்தல. இல்லன்னு சொல்லுண்ணே, சாமி ரூம்புலயே வந்து சத்தியம் பண்றேன்."

பந்தியில் சிரித்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மச்சான் குனிந்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஒரு பெரிய எடத்து வண்டிக்கு அவசரமா வேணும்னாங்க மாப்ள. திரும்ப மாத்திக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன்" என்றார். அதே வாயால், அதே சனங்களுக்கு முன்னால். நான் சாப்பிட உட்கார்ந்தேன். எல்லாரும் எழுந்த பிறகும் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு இனித்தது போல எந்தப் பாயசமும் எனக்கு இனித்ததில்லை.

இப்போது கீழவீதியில் என்னை யாரும் தீர்த்தம் என்று கூப்பிடுவதில்லை. பக்கத்துப் பேட்டரி ஆட்டோக்காரர்கள் நட்டு முறுக்கவும் தண்ணீர் பார்க்கவும் என் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். மச்சான் கடையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டாராம், சர்க்கரை வந்து கால் மரத்துப்போய் வீட்டோடு இருக்கிறாராம். கேட்டபோது ஐயோ என்று இருந்தது. கொஞ்ச நேரம்தான் இருந்தது.

போன கிருத்திகைக்கு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டே மனைவியிடம் கேட்டேன். "நியாயந்தான் கெடச்சிடுச்சே. ஒரு நட போயி ராஜினாமா பண்ணிட்டு வந்துடலாமா?"

அவள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "எனக்கு இன்னும் ஆறல. ஒங்களுக்கு ஆறிடுச்சின்னா சொல்லுங்க, போலாம்."

பஸ் விசாரிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், குனிந்து சக்கரத்தைக் கழுவ ஆரம்பித்தேன்.